‘தோழா’வில் இல்லாத உம்மா

2016 மார்ச்சில் வெளிவந்த ‘தோழா’வை நம்மில் அநேகர் பார்த்திருப்போம். தியேட்டருக்குப் போகாதவர்களும் பெருநாள் விடுமுறையில் டீவியில் பார்த்திருப்பார்கள். கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன பெரும் பணக்காரர் விக்ரமாக நாகார்ஜுனா நடித்தார். பரோலில் வெளியே வந்து அவருக்குப் பணிவிடை செய்யும் சீனுவாக கார்த்தி நடித்தார். வம்சி பைடிபள்ளி தமிழிலும் தெலுங்கிலுமாக எடுத்த இந்தப் படம், ஒலிவியே நகாஷும் எரிக் தொலெதானோவும் 2011இல் இயக்கிய பிரெஞ்சுப் படமொன்றின் மறு ஆக்கம். அந்தப் பிரெஞ்சுப் படத்துக்கோ இரண்டு உண்மை மனிதர்களின் வாழ்க்கை அடிப்படை. ஒருவர் பிலிப் பொஸோ டி போர்கோ, பிரபு குடும்பத்தவர், பெரிய கம்பனியொன்றின் நிர்வாகி. 1993 ஜூனில் பாராகிளைடிங் செய்யும்போது விழுந்து கழுத்து முள்ளெலும்பு முறிந்தவர். மற்றவர் அப்தெல் யஸ்மின் செல்லூ. அல்ஜீரியாவில் பிறந்த முஸ்லிம், பரிஸில் வளர்ந்து, சிறைக்குப் போய் வந்த இளைஞர். பொஸோவின் கையும் காலுமாகச் சுமார் பத்து ஆண்டுகள் இருந்தவர் அவர்தான்.

பிரெஞ்சுப் படத்தில் அப்தெல், செனகலிலிருந்து வந்த திரீஸ் ஆனார். தமிழில் சீனு ஆனார். ஒரு முஸ்லிம் பெயர் காணாமல் போனது பற்றி இங்கே நான் கோபப்படப் போவதில்லை. கதை ஊர் மாறும்போது பெயர் மாறுவது வழக்கம். நான் கவலைப்படுவது இன்னொருவர் காணாமல் போனது பற்றி. பொஸோ விழுந்தபோது அவருடைய மனைவி பெயத்ரிஸ் உயிரோடு இருந்தார். அவரே புற்றுநோயாளி. விபத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1996இல் இறந்தார். படுத்துவிட்ட கணவர், நோயாளியான மனைவி, வளர வேண்டிய பிள்ளைகள் என்று அந்த வீடு எப்படி ஓடியிருக்கும் என்பதை எவரும் யோசித்துப் பார்க்கலாம். பிரெஞ்சுப் படம் தொடங்கும்போது மனைவி ஏற்கெனவே இறந்துவிட்டார், வெறும் நினைவு. தமிழில் விக்ரமுக்கு மனைவியே இல்லை. தாயும் இல்லை. மாளிகை இருக்கிறது, கார் இருக்கிறது, செயலாளராகத் தமன்னா இருக்கிறார், சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு முள்ளந்தண்டு முறிவு ஒரு வீட்டில் யாருடைய முதுகின்மேல் போய் உட்காருமோ, அந்த ஆள் மட்டும் கதையிலிருந்து கழற்றப்பட்டுவிட்டார்.

நமது சமூகத்தில் அந்த ஆள் உம்மா. சில வீடுகளில் மனைவி, சில வீடுகளில் தாத்தாமார்.

படத்தின் நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். ‘தோழா’ பச்சாத்தாபத்தை ஒதுக்கிய படம். பிரெஞ்சு மூலத்தில் திரீஸ் கொதிக்கும் தேநீரை எஜமானின் காலில் ஊற்றிப் பார்த்து, உணர்ச்சி இல்லையா என்று வியக்கும் காட்சி வரும். கொடூரம் போலத் தோன்றும் அந்தக் காட்சியில்தான் அந்த மனிதரை முதன்முதலாக ஒருவன் நோயாளியாகப் பார்க்காமல் இருக்கிறான். படம் சிரிப்பூட்ட வேண்டும் என்று பொஸோவும் விரும்பினார். நம்மவர்கள் ஆசுபத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ‘என்ன செய்யிற, அல்லாஹ்ட நாட்டம்’ என்று சொல்லிவிட்டு, படுத்திருப்பவனை விட்டுவிட்டு அவன் வாப்பாவிடம் பேசிக்கொண்டிருப்பார்களே, அதைவிட இந்தச் சிரிப்பு மேல்.

ஆனால் இந்தச் சிரிப்புக்குள் ஒரு தந்திரமும் இருக்கிறது. பிரெஞ்சுப் படத்தில், வேலைக்கு வந்த புதிதில், மலம் அகற்றும் வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று திரீஸ் கூச்சல் போடுவான். தியேட்டர் சிரிக்கும். சிரித்து முடிந்ததும் அந்த வேலையும் கதையிலிருந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரவு வீதியுலா, வேகக் கார், இசை, ஓவியம். விக்ரமின் மனம் மலர்கிறது, படம் முடிகிறது. பார்த்து வெளியே வருபவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இப்படிப்பட்டவருக்குத் தேவை உற்சாகம். நல்ல ஒரு சினேகிதன், நாலு ஜோக், கொஞ்சம் காற்றோட்டம்.

முண்ணாண் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிறோமே, மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்குள் இறங்கும் அந்த நரம்பு வடம், அது நசுங்கினால் நடை மாத்திரம் போவதில்லை. உணர்ச்சி போகிறது. ஆகையால் ஒரே பக்கம் கிடந்தால் தோல் செத்துப் புண்ணாகிறது, படுத்திருப்பவருக்கு அது நோவதுமில்லை. சிறுநீர், மலம் இரண்டின் கட்டுப்பாடும் போகிறது. மார்புக்கு மேலே முறிந்தவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சிறுநீர்க் குழாய் மடிந்து அடைத்துக்கொண்டாலே இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, தலையிடித்து, வியர்த்துக் கொட்டும். உடனே நிமிர்த்தி இருத்தி, குழாயைப் பார்க்க வேண்டும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். படத்தில் இரவில் மூச்சுத் திணறித் தவிப்பவரை வெளியே அழைத்துப்போய் நகரத்தைக் காட்டும் காட்சி அழகானதுதான். எந்த உம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, முதலில் குழாயைத்தான் பார்த்தாயா மகனே என்று கேட்பாள்.

1940களுக்கு முன்னர், முள்ளந்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றினாலும் படுக்கைப் புண்ணினாலும் ஓரிரு வருடங்களுக்குள் இறந்துபோனார்கள். வைத்தியர்களே கைவிட்டிருந்தார்கள். ஜேர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் ஒரு பிரிவைத் தொடங்கி அந்த நிலையை மாற்றினார். என்ன அற்புத மருந்து கண்டுபிடித்தார்? ஒன்றுமில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீர்ப் பையைச் சுத்தமாகக் காலியாக்கச் சொன்னார். பிறகு கையில் பந்தையும் வில்லையும் கொடுத்து விளையாடச் சொன்னார். 1948இல் அவர் அந்த வைத்தியசாலைப் புல்வெளியில் நடத்திய சிறு போட்டிதான் வளர்ந்து பராலிம்பிக் ஆனது. இன்று நாம் பதக்கத்தைப் பார்க்கிறோம். அதற்கடியில் இருக்கும் அந்த இரண்டு மணித்தியாலக் கணக்கை எந்தக் கதாசிரியரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அது அலுப்பான வேலை.

அலுப்பான அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று மறைத்துவிட்டால் கதை இரண்டு திசைகளில்தான் போக முடியும். ஒன்று ‘தோழா’வின் திசை, உற்சாகம். மற்றது சஞ்சய் லீலா பன்சாலியின் ஹிந்திப் படம் ‘குஸாரிஷ்’ (2010) போன திசை, மரணம். அதில் ஹிருத்திக் ரோஷன் 14 ஆண்டுகள் படுத்துவிட்ட மந்திரவித்தைக்காரர். நீதிமன்றத்தில் சாவதற்கு அனுமதி கேட்கிறார். ஐஸ்வர்யா ராய் 12 ஆண்டுகளாக அவரைப் பராமரிக்கும் தாதி, கடைசி வரை சற்றும் கலையாத உடையோடும் முடியோடும் நடமாடுகிறார். பன்னிரண்டு வருடம் ஒரு வளர்ந்த ஆணைத் தூக்கிப் புரட்டிய பெண்ணுக்கு முதுகுவலி இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. இப்படியான உடம்போடு வாழ்வதைவிடச் சாவதே கண்ணியம் என்று அந்தப் படம் மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறது. வாழ்க்கை எதனால் தாங்க முடியாததாகிறது என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. பொஸோ இதற்கு நேர்மாறான ஆள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கருணைக்கொலைச் சட்டங்களை வெளிப்படையாக எதிர்த்தார். படத்தால் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை, உடல் ஏலாதவர்களும் ஏலுமானவர்களும் ஒன்றாக வசிக்கும் வீடுகள் அமைக்கும் நிறுவனத்துக்குப் போகச் செய்தார். கடைசிக் காலத்தில் மொரோக்கோவில் கதீஜா என்ற பெண்மணியை மணந்து வாழ்ந்து, 2023 ஜூனில் காலமானார். சினிமா முடிந்த இடத்துக்குப் பிறகுதான் அவருடைய சுவாரசியமான பகுதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

தமிழ் சினிமா இந்த வேலையைக் காட்டவே இல்லையா என்றால், ஒரு படம் காட்டியது. ராமின் ‘பேரன்பு’. அது முள்ளந்தண்டு முறிவு பற்றியதல்ல, மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பெண்பிள்ளையின் கதை. வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பும் தகப்பன் மம்முட்டி. மனைவி வீட்டை விட்டுப் போய்விட, வயதுக்கு வரும் மகளின் உடம்பை அவனே கவனிக்க வேண்டி வருகிறது. தகப்பன் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்ற தத்தளிப்பை அந்தப் படம் முகம் சுளிக்காமல் காட்டியது. படத்தின் பிற்பகுதியோடு எனக்கு உடன்பாடு குறைவு, அது வேறு கதை. ஆனால் பராமரிப்பு என்பது ஒரு உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பார்வையாளனுக்கு, அது துணி மாற்றுவது, தூக்குவது, கழுவுவது என்று காட்டிய படம் அது. சவூதியிலும் கட்டாரிலும் பத்து வருடம் உழைத்துவிட்டு வந்து, சொந்தப் பிள்ளையின் அருகில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் வாப்பாமாரை நமக்குத் தெரியும்.

சினிமாவை விட்டு, நடந்த வாழ்க்கைக்கு வருவோம். பிரீத்தி ஸ்ரீநிவாசன் தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர், நல்ல நீச்சல் வீராங்கனை. 1998 ஜூலையில், 18 வயதில், சகமாணவர்களோடு போன பயணத்தில் பாண்டிச்சேரிக் கடற்கரையில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். இவரைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தலைப்பு ஏறக்குறைய ஒன்றே: தன்னம்பிக்கை, சாதனை, விடாமுயற்சி. அவருடைய பேட்டிகளைக் கவனித்துக் கேட்டால் அவர் அதிகம் பேசுவது வேறு விடயம். 2007இல் தகப்பன் திடீரென இறந்தார். அதன் பிறகு தாய் விஜயலட்சுமிக்கு இதய அறுவை சிகிச்சை. தாயும் போய்விட்டால் தன்னை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்று பிரீத்தி தேடிப் பார்த்தபோது, தன்னைப் போன்ற பெண்களை நீண்ட காலம் வைத்துப் பராமரிக்கும் இடம் கிடைக்கவில்லை. 2013இல் திருவண்ணாமலையில் ‘சோல் ஃப்ரீ’ என்ற அமைப்பை அவர் தொடங்கியதன் வேர் அந்தப் பயம். தன்னம்பிக்கை அவருக்கு நிறைய இருந்தது, சந்தேகமில்லை. அவரை அமைப்பு கட்ட வைத்தது ஒரு தாயின் நெஞ்சில் விழுந்த தையல்.

ஆய்க்குடி இராமகிருஷ்ணனின் கதையும் இப்படித்தான். பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். வயது 21. ஊருக்குத் தூக்கி வந்து சில வருடங்கள் குடும்பம் பார்த்தது. 1981இல் தென்காசிப் பக்கத்துத் தன் கிராமத்தில், ஒரு கொட்டிலில், ஏலாத பிள்ளைகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ‘அமர்’ என்பது தன்னைக் கவனித்த இராணுவ வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் அவருடைய மன உறுதியைப் பாராட்டினார்கள். எனக்கோ அந்தப் பெயர்ப் பலகைதான் பெரிதாகத் தெரிகிறது. தன்னம்பிக்கையின் பெயரை வைக்கவில்லை, தன்னைத் தொட்டுப் பார்த்த ஒரு மனிதரின் பெயரை வைத்தார்.

கொட்டாஞ்சேனையில் என்னிடம் தமிழ் படித்த ஒரு மாணவன் இருக்கிறான். அவனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். பெயரும் பாடசாலையும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் டீச்சர் என்றான். உயர்தரம் எடுக்க இருந்த வருடம், விடுமுறையில் அலுமினியம் பொருத்தும் வேலைக்குப் போய், மேல்மாடியிலிருந்து விழுந்தான். நெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. கை இரண்டும் நல்லது. சத்திர சிகிச்சைக்குப் பிறகு ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் சில மாதங்கள் இருந்தான். அங்கே தாதியர் உம்மாவுக்கு எல்லாம் படிப்பித்தார்கள்: எப்படிப் புரட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, பின்புறத்தையும் குதிகாலையும் தினமும் எப்படிப் பார்ப்பது. வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் வந்தவர்கள் எத்தனை பேர்! வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அப்பிள், நெஸ்டமோல்ட், ஸம்ஸம் தண்ணீர். ‘ஸபூர் செய்யுங்க ராத்தா’ என்று உம்மாவுக்குச் சொல்வார்கள். ‘புள்ள நடப்பான்தானே?’ என்று கேட்பார்கள். அவன் முன்னாலேயே கேட்பார்கள். உம்மா அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், புரட்டும் நேரம் தவறிப் போகும். இவன் அறையில் ஆட்கள் நிறைந்திருக்க, நாற்காலிக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையை ஒரு சாரத்தால் மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். 19 வயது. நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நமக்குப் பெரிய நன்மை. வீட்டுக்காரருக்கும் அது நன்மையாக இருந்ததா என்று போய் வந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நமது நலம் விசாரிப்பு ‘தோழா’ பார்த்த நலம் விசாரிப்பு. உற்சாகம் கொண்டுபோகிறோம், இல்லாவிட்டால் ஆறுதல் கொண்டுபோகிறோம். கையைக் கொண்டுபோவதில்லை.

பகலில் உம்மா பாங்குச் சத்தத்தை வைத்து நேரம் பிடித்துக்கொள்வார். இஷாவுக்கும் ஸுபஹுக்கும் இடையில் பாங்கு இல்லை, அதற்குக் கைத்தொலைபேசியில் அலாரம். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. இரண்டு மாதத்தில் உம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தாத்தா, அவளும் என் மாணவிதான், வெள்ளவத்தையில் படித்துக்கொண்டிருந்த கணக்கியல் வகுப்பை நிறுத்தினாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை விழுந்தால் இரண்டு பிள்ளைகளின் படிப்பு போகும், இரண்டாவது பிள்ளை பெண்ணாக இருந்தால் அது எவருக்கும் ஒரு செய்தியாகக்கூடப் படுவதில்லை.

இதில் நமது சமூகம் பேசக் கூச்சப்படும் ஒன்றுண்டு. வளர்ந்த மகனின் உடம்பை உம்மாவும் தாத்தாவும் சுத்தம் செய்வது. அவனுக்கு அது சாவைவிடப் பெரிய வெட்கம். அவ்ரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பயான் செய்கிறோம். இப்படியொரு வீட்டில் ஆண்கள் முன்வந்தால் அந்த வெட்கம் பாதியாகக் குறையும் என்று ஒரு பயானிலும் நான் கேட்கவில்லை. கடைசியில் முன்வந்தவர் அவனுடைய தாய்மாமா. புறக்கோட்டையில் சாமான் இறக்குபவர், பெரிய படிப்பில்லை. ராகமவுக்குப் போய், நின்று, பார்த்து, கையுறை போடுவதிலிருந்து கற்றுக்கொண்டு வந்தார். அடுத்து அவனோடு படித்த மூன்று பொடியன்மார். வாரத்தில் நான்கு இரவுகள் அவர்கள் மாறி மாறி வந்து படுப்பார்கள். மாமா இல்லாத நேரத்தில் புரட்டுவது அவர்கள் வேலை. சத்தமாகச் சிரிப்பார்கள், கெரம் அடிப்பார்கள், கிரிக்கெட் பார்ப்பார்கள், பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் புரட்டுவார்கள். ‘தோழா’வில் வரும் தோழமை பொய்யில்லை என்று அவர்களைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. படத்திலிருந்து விடுபட்டது அந்தப் பன்னிரண்டு மணி மட்டும்தான். தாத்தா திரும்பவும் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள்.

‘தோழா’வை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லாததும் இதனால்தான். ஒரு ஆண், இன்னொரு ஆணின் உடம்பைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுத்தலாம், அதில் இழிவு ஒன்றுமில்லை என்று நமது பொடியன்மாருக்குக் காட்டிய பெரிய வணிகப் படம் அது. சம்பளத்துக்குத்தானே செய்தான் என்பார்கள். செய்யட்டுமே. பராமரிப்புக்குச் சம்பளம் கொடுக்கலாம், அது ஒரு தொழில் என்ற எண்ணமே நம்மிடம் இல்லை. சக்கர நாற்காலி வாங்க ஸதகா சேர்த்தால் ஒரே நாளில் சேரும், சில நேரம் மூன்று நாற்காலிகள் வந்துவிடும். ஒரு பராமரிப்பாளருக்கு மாதச் சம்பளம் கொடுப்போம் என்று சொல்லிப் பாருங்கள். உம்மா இருக்கிறாதானே என்பார்கள்.

நாற்காலி வந்தும் அவன் வீட்டுக்குள்தான். சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 60 முதல் 70 சென்டிமீற்றர். கொழும்பின் பழைய தொடர்மாடிகளில் குளியலறைக் கதவு இரண்டடி, மிஞ்சினால் இரண்டேகாலடி. சில இடங்களில் கதவையும் நிலையையும் கழற்றித் திரை போட்டால்தான் நாற்காலி உள்ளே போகும். வெளியே போக மூன்று மாடி இறக்க வேண்டும். விக்ரமுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மாளிகையில் லிஃப்ட் இருக்கும். வறுமையை ஒதுக்கிய கதையில் படிகள் இருக்காது.

இந்த ஊரில் படிகளைப் பற்றி விடாமல் எழுதிய ஒரு மனிதர் இருந்தார், கலாநிதி அஜித் பெரேரா. வேதியியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடும் காரின்மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தது. 2020இல் இறக்கும் வரை, சக்கர நாற்காலியிலிருந்தபடி, வங்கிக்கும் கழிப்பறைக்கும் வைத்தியசாலைக்கும் எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கவீனர் உரிமைச் சட்டம் 1996இலும், கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் 2006இலும் வந்துவிட்டன. யாரும் பின்பற்றாததால் அவர் உயர் நீதிமன்றம் போனார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்குச் சார்பாக உத்தரவிட்டது. தன்னைப் பற்றி யாரும் உருகி எழுதுவதை அவர் எழுத்தில் நான் கண்டதில்லை. கதவின் அகலம், கைப்பிடியின் உயரம், சாய்வின் அளவு, இவைதான் அவருடைய இலக்கியம். நமது சஞ்சிகைகளில் அவரைப் பற்றி வந்ததைவிட ‘தோழா’வைப் பற்றி வந்தது அதிகமாக இருக்கும்.

சாய்வின் அளவு எளிய கணக்கு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக வைத்தால் நாற்காலியில் இருப்பவர் தானாக ஏற முடியாது.

என் மாணவன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக ஆசைப்பட்டான். பொடியன்மார் மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள். பள்ளி வாசலில் மூன்று படி. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, நல்ல மனிதர்தான், ‘மகன், உங்களுக்கு ஜும்ஆ கடமையில்லையே, ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க?’ என்று கேட்டார். நிற்க ஏலாதவர் இருந்து தொழலாம், இருக்க ஏலாதவர் படுத்துத் தொழலாம் என்று மார்க்கம் தந்த சலுகை அவனுக்குரியது. அவன் வரலாமா வேண்டாமா என்பதை அவன் தீர்மானிப்பதற்காக அது தரப்பட்டது. படி வைத்துக் கட்டியவர்களுக்குத் தரப்பட்ட சலுகையாக அதை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அன்று அவனை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். தொழுகை முடிந்ததும் மாமா அளவு நாடா வாங்கி வந்தார். ஒவ்வொரு படியும் 6 அங்குலம், மூன்றுக்கும் 18. அப்படியானால் 18 அடி சாய்வு வேண்டும். செருப்புத் தட்டு வைத்திருக்கும் பக்கச் சுவர் ஓரமாக நீட்டி அளந்தார்கள். 21 அடி இருக்கிறது.